உலை ஓடிய ஞாயிற்றுக்கிழமை

எங்கள் பேண்டில் பாஸ் கிட்டார், அடியில் நின்று பாட்டைத் தாங்கும் கனத்த ஒலி, கிடையாது. கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி என்று ஆள் தேடிப் பார்த்தோம். வந்தவர்கள் எல்லோரும் முன்னால் நின்று லீட் வாசிப்பேன் என்றார்கள். “எல்லாருக்கும் மாப்ளயா நிக்கணும், மாப்ளத் தோழனா நிக்க ஒருத்தனும் வர மாட்றான்” என்பான் எங்கள் ட்ரம்மர். ஆகவே மூன்றே பேர். கிட்டார் நான். ட்ரம்ஸ் அவன், பழவேற்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் மகன். பாடுவதற்கு, அதாவது கத்துவதற்கு, லேத் பட்டறையில் வேலை பார்த்த இன்னொரு நண்பன்.

நாங்கள் அடித்த பங்க் ராக், வேகமும் கத்தலுமான அந்த வெளிநாட்டுப் பாட்டு, எங்களிடம் வந்து சேர்ந்தது பாரிமுனை நடைபாதையில் கிடந்த பழைய கேசட் குவியலிலிருந்து. அட்டைப் படம் பிடித்து நான்தான் வாங்கினேன். வீட்டில் போட்டால் பாட்டு தலைதெறிக்க ஓடுகிறது. டேப் ரெக்கார்டர் கெட்டுவிட்டது என்று ரேடியோ மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் அரைப் பாட்டைக் கேட்டுவிட்டு, “மெஷினு கரீட்டா தான் ஓடுது நைனா, அவனுங்கதான் யாருக்கோ பயந்து ஓடறானுங்க” என்றார். அம்மா மட்டும், “இரும்பு லோடு எறக்கற மாதிரி கீதுடா” என்றாள். எங்கள் பக்கத்தில் அது திட்டில்லை. தெருவில் பாதிப் பேர் இரும்பில்தான் சோறு தின்றார்கள்.

நான் அப்போது சிப்காட் தொழிற்பேட்டை ஓரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் வேலை பார்த்தேன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைக்க வேண்டும். கிட்டாரிலும் தந்திகளுக்கு அடியில் காந்தத்தைச் சுற்றி ஒரு காயில் உண்டு, பிக்கப் என்பார்கள். தந்தியின் அதிர்வைக் கரண்டாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது அதுதான். என் கிட்டாரில் அது செத்துப்போனபோது, முடி போன்ற மெல்லிய கம்பியை வாங்கி நானே சுற்றிக்கொண்டேன். நன்றாகத்தான் வேலை செய்தது. என்ன, தந்தியை மட்டும் கேட்காமல் அக்கம்பக்கத்துக் கரண்டையெல்லாம் ஒட்டுக்கேட்டது. ட்யூப் லைட் போட்டால் கொசு மாதிரி ரீங்கரிக்கும். கடைக்குப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் பழைய இரும்பை உருக்கும் ஆலை. அங்கே கரண்டில் ஓடும் உலை ஏறிவிட்டால் என் ஆம்ப்ளிஃபயர் ‘ம்ம்ம்ம்’ என்று அடிவயிற்றிலிருந்து முனகும். அதனால் கடையில் எங்கள் பயிற்சி ஞாயிற்றுக்கிழமையில்தான், உலைக்கு லீவு விடும் நாளில். கடை ஓனரிடம் அனுமதி கேட்டபோது, “அடிங்கடா. வாரம் பூரா அவனுங்க சத்தத்த கேட்டாச்சி, ஒரு நாளு உங்குளுது” என்றார்.

பாட்டு வெளியிட லேபிள் ஒன்றும் ஆரம்பித்தேன். ஒரு பாட்டுகூடப் பதிவாகவில்லை, அதற்குள் லேபிள் பெயரில் ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்துக்கொண்டேன். பாடகன் அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்து, “ஓட்டலே தொறக்கல, இவன் பில்லு புக்கு அடிச்சிக்கினு வந்துட்டான்” என்றான்.

ட்ரம்மருக்கு துபாயில் வேலை கிடைத்தது அந்தச் சமயத்தில்தான். மாமா பார்த்து வைத்த வேலை, மறுக்க முடியாது. செவ்வாய்க்கிழமை விமானம். டீக்கடையில் சாதாரணமாகத்தான் சொன்னான். டீ தீர்ந்த பிறகும் கிளாஸைக் கீழே வைக்கவில்லை.

“போறதுக்குள்ள ஒரு தபா ரெக்கார்டு பண்ணிடலாம் மச்சி. நான் அடிச்சது எங்கனா ஒரு எடத்துல இருக்கணும். இல்லன்னா நான் ட்ரம்மருன்னு சொன்னா அங்க எவன் நம்புவான்?”

மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஞாயிறு. பிரவுசிங் சென்டர் அண்ணனிடம் ஒரு நாளைக்குக் கம்ப்யூட்டரை இரவல் வாங்கினோம். ஷட்டரை இறக்கி, எதிரொலி அடங்கட்டும் என்று கொடி கட்டி லுங்கியும் போர்வையும் தொங்கவிட்டோம். ட்ரம்மர் வீட்டிலிருந்து பிரியாணிப் பொட்டலங்கள் வந்திருந்தன. எல்லாம் தயார். கிட்டார் வயரைச் செருகினேன்.

‘ம்ம்ம்ம்ம்.’

மூவரும் பின்சுவரைப் பார்த்தோம். கரண்டுத் தட்டுப்பாட்டுக் காலம் அது. ஆலைகளுக்கு வாரத்தின் நடுவே மின்சாரத்தை நிறுத்தினார்கள். விட்டுப்போன வேலையை ஈடுகட்ட ஞாயிற்றுக்கிழமை உலை ஏற்றிவிட்டார்கள். இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

பாடகன் விடுவிடுவென்று ஆலை கேட்டுக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தான்.

“இன்னாடா சொன்னாங்கோ?”

“சூப்பர்வைசர கூப்ட்டு கேட்டன். ‘அண்ணே, ரெண்டு மணி நேரம் நிறுத்த முடியுமா, பாட்டு எடுக்கறோம்’னேன். ‘தம்பி, உள்ள வேவறது இரும்பு, இட்லி இல்ல, மூடி வச்சிட்டு அப்பறமா வந்து பாக்கறதுக்கு’ன்றாரு.”

சிரித்துவிட்டோம். ஆனால் முனகல் நிற்கவில்லை. கிட்டாரோடு சுற்றிச் சுற்றி நின்றேன். கிழக்கே திரும்பினால் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. வெளிக் கரண்டைத் தடுக்கட்டும் என்று, பிரியாணி மடித்து வந்த அலுமினியத் தாளைத் துடைத்து கிட்டாரின் வயிற்றுக்குள் ஒட்டினேன். கிட்டாரில் மசாலா வாசனை வந்தது, முனகல் அப்படியே இருந்தது. ட்ரம்மர் உட்கார்ந்தபடியே குச்சிகளைத் துணியில் சுற்ற ஆரம்பித்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பாடகனுக்கு வேறொரு முகம் உண்டு. மார்கழியில் பஜனைக்கோயிலில் பாடுவான். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவன் திடீரென்று அந்த முனகலோடு சேர்ந்து ‘ம்ம்’ என்று குரல் கொடுத்தான். இரண்டும் ஒட்டிக்கொண்டன.

“டேய், இவன் ஒரே சுதியில நிக்கறான்டா. நாயனத்துக்கு ஒத்து ஊதற மாதிரி. அவன நிறுத்த முடியாது, நீ அவன்கூட சேந்துக்கோ.”

தந்திகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, அந்த முனகலோடு இழையும்வரை இறக்கினேன். ஒரு முறை எல்லாத் தந்திகளையும் சேர்த்து அடித்தேன். ஷட்டர் தகடு அதிர்ந்தது. கிட்டார் தனியாக ஒலிக்கவில்லை. கீழே யாரோ தோள் கொடுத்துத் தூக்கி நிறுத்தின மாதிரி இருந்தது.

ட்ரம்மர் எழுந்து நின்றுவிட்டான். “மச்சி! தேடிக்கினே இருந்தோமே, பாஸு! இதோ வந்துட்டான்டா மாப்ளத் தோழன்!”

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அவன் குச்சி தட்டி எண்ண, பாட்டுகளை வரிசையாக எடுத்தோம். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் முதலில் உலை முனகும், பிறகுதான் நாங்கள். கடைசிப் பாட்டு பாதி போயிருக்கும். அந்தப் பக்கம் இரும்பு உருகி, கவிழ்த்து ஊற்றும் நேரம் வந்துவிட்டது போல. முனகல் சட்டென்று நின்றது. காலுக்கடியில் பலகையை உருவின மாதிரி என் கை நின்றுவிட்டது, பாடகனின் வாயும் நின்றுவிட்டது. ட்ரம்மர் மட்டும் நிறுத்தவில்லை. எங்களைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே தனியாக அடித்தான். அடித்து முடித்துவிட்டுத்தான் குச்சியைக் கீழே வைத்தான்.

செவ்வாய்க்கிழமை போய்விட்டான்.

பதிவைச் சென்னையில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் நல்லவர். “இந்த ‘ம்ம்’னு ஹம் நெறய இருக்கே தம்பி, சாஃப்ட்வேர்ல தொடச்சிரலாம்” என்று சொல்லித் துடைத்தும் காட்டினார். சுத்தமாகத்தான் இருந்தது. அவ்வளவு சுத்தத்தில் எங்களை எனக்கே அடையாளம் தெரியவில்லை. அழுக்கோடே இருக்கட்டும் என்று வாங்கி வந்து, சிடி எழுதி, காக்கி உறைமேல் ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, கவரைப்பேட்டை ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் வைத்தேன். என் லேபிளின் முதல் வெளியீடு அதுதான். துபாய் போகிற ஒருவரிடம் ஒன்றைக் கொடுத்தனுப்பினேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேண்டுகளுக்குப் பதிவு செய்து கொடுத்துவிட்டேன். இப்போது பஞ்சு அடைத்த சுவர் இருக்கிறது, நல்ல பிக்கப் இருக்கிறது, ஊசி விழுந்தால் கேட்கும். பதிவுக்கு முன் ஹெட்ஃபோனை மாட்டி அந்த நிசப்தத்தைக் கேட்கிறபோதெல்லாம், ஒரு ஆள் இன்னும் வரவில்லையே என்றுதான் முதலில் தோன்றும்.

அந்த முதல் சிடி கிடைத்ததும் ட்ரம்மர் துபாயிலிருந்து ஃபோன் செய்திருந்தான்.

“ரூம்ல போட்டன் மச்சி. நம்ப பக்கத்து ஆளு ஒருத்தர் கீறாரு, ஆரம்பாக்கம். பாட்டு வர்றதுக்கு முன்னாடியே, ‘தே, இது உலை சத்தமாச்சே, எங்கடா புட்ச்ச’ன்றாரு. அவுருக்கு அது மட்டும் போதுமாம். பாட்ட நிறுத்தச் சொல்லிட்டு அதயே திரும்பத் திரும்பப் போட வெக்கறாரு. பேஜாரா பூட்ச்சி.”

“உன் ட்ரம்ஸ் எப்டி கீது? நம்பறானுங்களா?”

“நம்பறானுங்கோ, நம்பறானுங்கோ.” என்று சிரித்தான். “கடைசிப் பாட்டு மட்டும் முழுசா கேக்கறதில்லடா.”

“ஏன்டா, அதுலதான நீ தனியா அடிக்கற?”

“ஆமா. அதான். உலை நிக்கறதுக்கு முன்னாடியே ஆஃப் பண்ணிடுவேன்.”