கப்பிச் சத்தத்துக்கு வரும் ஆமை

கிணற்றை மூட ஜேசிபி காலையிலேயே வந்து நின்றுவிட்டது. ஆமை இன்னும் உள்ளேதான் இருந்தது.

தோட்டத்தை வீட்டுமனை பிரித்து சைட் போடுகிறவர்களுக்கு விற்றாகிவிட்டது. விற்கச் சொன்னதே நான்தான், அதனால் அழுது வடிய எனக்கு உரிமை இல்லை. தென்னை காய்ந்தபோது வராத துக்கம் ஆமையை நினைத்து வருவானேன் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. மதியத்துக்குள் அதை வெளியே எடுக்காவிட்டால் மண்ணுக்கடியில் உயிரோடு புதைந்துபோகும் என்பது மட்டும் தெரிந்தது.

கிணற்றில் ஆமை விடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். புழு பூச்சியைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்குமாம். வீட்டுக்குள் ஆமை நுழைந்தால் குடி கெட்டது என்று அலறுகிற அதே ஆட்கள்தான் வாய்க்காலில் போவதைப் பிடித்துக் கிணற்றில் போடுவார்கள். இது எந்த ஊர் நியாயம் என்று நான் கேட்காத ஆளில்லை. கேட்டு என்ன, எங்கள் கிணற்றில் அதைப் போட்டவர் என் வீட்டுக்காரரேதான். கல்யாணமான புதிதில் உள்ளங்கை அகலத்தில் கொண்டுவந்தார். இப்போது தோசைக்கல் அளவு இருக்கும்.

போட்டது அவர் என்றால், பழக்கியது நான். தண்ணீர் சேந்தும்போதெல்லாம் ஒரு பிடி சோறு வீசுவேன். நாளாக ஆக, கப்பி கிரீச்சிட்டாலே போதும், மூக்கை நீட்டிக்கொண்டு மேலே வந்துவிடும். மோட்டார் வைத்த பிறகும் இதற்காகவே வாளியும் கயிறும் வைத்திருந்தேன். விருந்தாளிகளைக் கூட்டிவந்து வேடிக்கை காட்டுவேன். என் சத்தத்துக்கு ஓர் உயிர் ஓடி வருகிறது என்பதில் எனக்குக் கொள்ளைப் பெருமை.

ஜேசிபி ஓட்ட வந்தவர் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு உடனே வழி சொன்னார்.

"ஏனுங்க அக்கா, கோழிக் கொடலத் தூண்டில்ல கோத்து உடுங்க. கப்புன்னு மாட்டிக்குமுங்க. எங்கூர்ல அப்படித்தான் புடிப்பமுங்க."

"முள்ளு தொண்டைக்குள்ள போயிருமில்லீங்க?"

"போனா கவுத்த அறுத்து உட்டுப்போடலாமுங்க. உசுரோடதான இருக்கும்?" என்றவர், கொஞ்சம் தயங்கி, "வேண்டாம்னா எனக்குக் குடுங்க. கறி மூலத்துக்கு நல்லதுன்னு சொல்றாங்க," என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. முள்ளை விழுங்கிய ஆமை அன்றைக்கே சாகாது. தின்ன முடியாமல், எங்கேயோ ஒரு சேற்றில், பல நாள் கழித்துச் சாகும். நாம் பார்க்க மாட்டோம் என்பதால் காப்பாற்றிவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளலாம். இதையெல்லாம் அவரிடம் கத்தினேன். பாவம், அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்து போனைப் பார்க்க ஆரம்பித்தார்.

என் வீட்டுக்காரர் தண்ணீரை இறைத்துவிட்டுச் சேற்றில் காலால் தடவிப் பிடிக்கலாம் என்றார். இறைக்கக் கரண்ட் எங்கே? பத்திரம் முடிந்த கையோடு இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். படியில் இறங்கி அமுக்கிப் பிடிக்கலாம் என்றால், ஆள் இறங்குகிற அரவம் கேட்டாலே அது அடிக்குப் போய்விடும்.

எனக்கு ஒரு வழி தெரிந்தே இருந்தது. அதைச் சொல்லப் பிடிக்காமல்தான் கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன்.

"ஏம்புள்ள, செக்குமாடாட்டம் சுத்திட்டே இருக்கறே? மக்கிரில சோத்தப் போட்டு உள்ள உடு. உன்ற சத்தத்துக்கு வந்துபோடும்," என்றார் என் வீட்டுக்காரர்.

அவருக்கும் தெரிந்திருக்கிறது.

மக்கிரி என்கிற மூங்கில் கூடையில் கல்லைக் கட்டி, சோறு போட்டு, கப்பியில் இறக்கினேன். கிரீச்சென்றது. பச்சைத் தண்ணீரில் மூக்கு தெரிந்தது. அது சந்தேகமே இல்லாமல் நேராக மக்கிரிக்குள் நீந்தி வந்து சோற்றைத் தின்றது. நான் கயிற்றை இழுத்தேன். தூண்டில் போடச் சொன்ன ஜேசிபிக்காரரைத் திட்டிய வாய் என்னுடையது. நான் போட்டதில் முள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இந்த ஆமையின் கழுத்து பாதி முதுகு வரைக்கும் திரும்பி வரும். பிடிக்கிறவர்கள் பின்னங்காலுக்குப் பக்கத்தில் ஓட்டின் விளிம்பைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சதையைப் பிய்த்துவிடும். அப்படித்தான் பயந்து பயந்து பிடித்தேன். ஆனால் அது கடிக்க வரவே இல்லை. என்னைப் பார்த்து வாயைத் திறந்தது, இன்னும் சோறு வேண்டுமாம். கடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வனத்துறைக்குப் போன் போட்டுக் கேட்டோம். வீட்டில் வைக்காதீர்கள், நல்ல தண்ணீராகப் பார்த்து விட்டுவிடுங்கள் என்றார்கள். கிணற்று வாளியிலேயே ஈரச் சாக்கைப் போட்டு அதை வைத்து, ஆனைமலை ஆற்றுக்குக் கிளம்பினோம். பின்னால் முதல் லோடு மண் விழுகிற சத்தம் கேட்டது.

ஆற்றுப் பாலத்தடியில் நான்கைந்து பேர் மீனுக்குத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தகர டப்பாவைத் தட்டி மாவு உருண்டையை எடுத்தார். அந்தச் சத்தத்துக்கு வாளியிலிருந்து கழுத்து மேலே வந்தது.

"வண்டில ஏறுங்க, இங்க வேண்டாம்," என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"ஏனம்மணி, ஆத்துக்கு வந்துபோட்டு ஆத்துல உடாம?"

"டப்பாவத் தட்டுனா இது போய் நிக்குமுங்க. ஆளப் பாத்தா சோறுன்னு நெனைக்குது."

அவர் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, தாராபுரத்துப் பங்காளி தோட்டத்துக் கிணற்றில் விட்டுவிடலாம், பத்திரமாக இருக்கும் என்றார். ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. போய்ப் பார்க்கலாம், சோறு போடலாம். அப்புறம் அவர்களும் ஒருநாள் விற்பார்கள், ஜேசிபி வரும். இன்னொரு கிணறு வேண்டவே வேண்டாம் என்றேன்.

ஆற்றோரமாகவே மேலே போய், தென்னந்தோப்புகளைத் தாண்டி, நாணல் அடர்ந்த ஓர் இடத்தில் இறங்கினோம். ஆள் அரவம் இல்லை. தண்ணீரில் விட்டேன். ஐந்தாறு அடி போனது. திரும்பி வந்து என் காலடியில் மூக்கை நீட்டியது.

தள்ளிவிட்டேன், மறுபடி வந்தது. தண்ணீரை அடித்தேன், மண்ணை வாரி வீசினேன், வாயில் வந்த வசவெல்லாம் வைதேன். கரையில் நின்ற அவர் முதலில் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. எனக்கு யார் மேல் கோபம் என்றே தெரியாத கோபம். முழங்கால் தண்ணீரில் இறங்கி, பின்னங்காலைப் பிடித்து அதைத் தூக்கி மல்லாக்கப் போட்டு உலுக்கினேன். புரண்டு திரும்ப விடாமல் மறுபடி உலுக்கினேன்.

அப்போது கழுத்து நீண்டது. கட்டைவிரலுக்குக் கீழே சதையைக் கவ்வி, பிய்த்துக்கொண்டு, சேற்றைக் கலக்கி உள்ளே போனது.

"கடிச்சுப்போடுச்சா?" என்று அவர் ஓடி வந்தார்.

"கடிச்சுப்போடுச்சுங்க!" என்றேன். ரத்தம் சொட்டுகிறது, நான் பைத்தியம் மாதிரி சிரிக்கிறேன். அத்தனை வருடத்தில் அது எனக்குக் கொடுத்த ஒரே நல்ல பதில் அதுதான்.

துண்டைக் கிழித்துக் கையைக் கட்டிவிட்டார். கிளம்பலாம் என்றார். நான் வாளியை எடுத்து, அதன் துருப்பிடித்த கைப்பிடியைத் தண்ணீருக்கு மேலே ஆட்டினேன். கப்பி மாதிரியே கிரீச்சென்றது. மூக்கு வரவில்லை. வரக் கூடாது என்றுதான் ஆட்டினேன். இன்னொரு தடவை ஆட்டினேன், அப்போதும் வரவில்லை. மறுபடியும் ஆட்டக் கையைத் தூக்கியபோது, அவர் வாளியை வாங்கிக்கொண்டார்.