லின்சி ஒட்டிய நகங்கள்

எங்கள் வீட்டு முன்னறையில் முதலில் உரக்கடை இருந்தது. அது காலியான பிறகு ஜெராக்ஸ் கடை. இப்போது நகக்கடை. நகத்துக்கு ஒரு கடையா என்று நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே நான் கேட்டுவிட்டேன், லின்சி இடம் கேட்டு வந்த அன்றே.

"நகம் வெட்டுறதுக்காம்மா கடை?"

"வெட்டுறதுக்கு இல்ல அப்பாயி, வைக்கிறதுக்கு."

"இருக்கிற நகத்து மேலயா?"

"ஆமா, அதுக்கு மேலதான்."

"அப்ப இருக்கிறது என்னாத்துக்கு?"

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் சாவியைக் கொடுத்தேன். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி செம்மொழி எழுதுகிறாள். நடுவில் அழகு பண்ணினால் சொல்வதை நிறுத்திவிடுவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

லின்சிக்குப் பட்டுக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம். கல்யாணமாகி அவளும் புருஷன் ஜோஸ்வாவும் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். அவன் அயர்ன் போடுகிறான். அவளுக்குப் பிசிறு வெட்டும் வேலை. தைத்து வரும் பனியனில் தொங்குகிற நூலையெல்லாம் வெட்டி, ஒட்டியிருக்கிற பஞ்சை நீக்கி அடுத்த ஆளிடம் தள்ள வேண்டும். குழந்தை ரெஜினா ஊரில் மாமியார் அருள்மேரியிடம் வளர்ந்தாள். ஒரு தவக்காலத்து லீவில் லின்சி ஊருக்கு வந்தபோது, குழந்தை அருள்மேரியின் முந்தானைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இந்த அம்மா எப்ப ஊருக்குப் போவாங்க?" என்று கேட்டதாம். அன்றைக்கு முடிவு பண்ணினாள், இனித் திருப்பூர் இல்லை என்று. திருச்சியில் நகம் வைக்கும் வேலை கற்றுக்கொண்டு வந்து என் முன்னறையில் உட்கார்ந்தாள்.

ஜோஸ்வா கெட்டவன் இல்லை. ஆனால் ஒரு கெடு வைத்தான். "பொங்கல் வரைக்கும் பாரு லின்சி. கடை நிக்கலன்னா வந்துடு. கம்பெனி லைன்ல உன் எடத்துக்குச் சொல்லி வச்சிருக்கேன்" என்றான். அருள்மேரியும் மகன் பக்கம்தான். "நகம் வச்சு எந்தக் குடும்பம் பொழச்சிருக்கு?" என்று என்னிடமே கேட்டாள். ஆக, கடை நின்றால் தாயும் பிள்ளையும் ஒரே வீட்டில். இல்லையென்றால் மறுபடியும் அந்த முந்தானைக்குப் பின்னால்தான்.

அந்த வேலையைப் பார்க்க எனக்குப் பிடித்துப்போயிற்று. சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் மாதிரி ஒரு திரவம், டப்பாவில் ஒரு பொடி. பிரஷை அந்தத் திரவத்தில் தோய்த்துப் பொடியில் தொட்டால், நுனியில் வெந்த ஜவ்வரிசி மாதிரி ஒரு உருண்டை வந்து நிற்கும். அதை நகத்தில் வைத்து இழுத்துவிடுவாள். கொஞ்ச நேரத்தில் கல்லாக இறுகிவிடும். அக்ரிலிக் என்று பெயராம். நாற்றம்தான் தாங்காது. முதல் நாளே சண்டை போட்டேன். மறுநாளே சுவரில் காற்றாடி வைத்து நாற்றத்தை வெளியே தள்ளிவிட்டாள்.

கஷ்டம் ஆவணி முகூர்த்தத்தோடு ஆரம்பித்தது. வைத்த நகம் ஒரு வாரம் நிற்கவில்லை. மொத்தமாக விழுந்தால்கூடப் பரவாயில்லை. அடியில், சதையை ஒட்டின பக்கத்தில், அப்பளத்து ஓரம் மாதிரி மெதுவாகத் தூக்கும். தலை வாரினால் முடி போய் மாட்டும். குளித்தால் தண்ணீர் உள்ளே போய் நிற்கும், அப்புறம் உள்நகம் பச்சையாகும். வந்தவர்களில் பாதிப் பேர் திரும்ப வரவில்லை. கடைத்தெருவில் பார்த்துக் கேட்டால், "நல்லாத்தான் இருந்துச்சு அப்பாயி, நேரமில்ல" என்பார்கள். கையைச் சேலைக்குள் மறைத்துக்கொள்வார்கள்.

குந்தவை ஒருத்திதான் மறைக்கவில்லை. அவள் நகைக்கடையில் வேலை பார்க்கிறவள். சிவப்புத் துணியில் ஆரத்தை விரித்துக் காட்டும்போது ஜனங்கள் முதலில் பார்ப்பது தன் விரலைத்தான் என்பாள். ஒரு நாள் படியேறும்போதே சத்தம்.

"லின்சி! இந்தா, உன் நகத்த நீயே வச்சுக்க." சில்லறைப் பையைத் திறந்து ஒரு நகத்தை மேசையில் போட்டாள்.

லின்சிக்கு முகம் செத்துப்போயிற்று. "புடுங்கிட்டீங்களாக்கா? புடுங்குனா உள்நகம் தோலோட வந்துடும்."

"நான் ஏன்டி புடுங்குறேன்? சோறு பெசையிறப்ப தானா வந்துச்சு. நல்லவேள, கண்ணுல பட்டுச்சு. இல்லன்னா சாம்பாரோட முழுங்கியிருப்பேன்."

"வேற வச்சு விடுறேன்க்கா."

"வச்சுத்தான் விடணும். பின்ன, பார்த்துட்டுப் போகவா வந்தேன்?"

இப்படி அவள் வருவதும் கத்துவதும், கத்திவிட்டுக் கையை நீட்டுவதுமாக நடந்தது. என்ன பெண் இவள் என்று எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது.

லின்சி திருச்சி டீச்சருக்குப் போன் போட்டாள். "முதல்ல என்ன செய்யிற?" என்று அந்த அம்மா கேட்க, இவள் "வெந்நீர்ல கொஞ்ச நேரம் கைய ஊற வைக்கிறேன் மேடம்" என்றாள். வந்தவர்களுக்குச் சுகமாக இருக்கட்டும் என்று இவளாகச் சேர்த்துக்கொண்டது அது. அங்கிருந்து வந்த வசவு எனக்கே கேட்டது. நகம் தண்ணீர் குடிக்குமாம். குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். மேலே வைத்தது சுருங்காது. அப்புறம் எப்படிப் பிடிக்கும்? எங்கள் கொல்லைக் கதவு ஐப்பசி அடைமழையில் உப்பிக்கொண்டு சாத்த வராது, பங்குனியில் விரல் நுழைகிற மாதிரி சந்து விடும். அதே கதைதான்.

வெந்நீர் நின்றது. அடுத்தது எண்ணெய். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு வந்து உட்காருகிறவர்கள் இருந்தார்கள். தேங்காய் எண்ணெய் ஊர் இது, எங்கே தொட்டாலும் வழுக்கும். "எண்ணெய்க் குளியலுக்கு மறுநா வாங்கக்கா" என்று திருப்பி அனுப்பினாள். வந்தவர்களையும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, நன்றாக உலர விட்டுத்தான் தொட்டாள். நகக்கண்ணில் வெங்காயச் சவ்வு மாதிரி ஒரு தோல் நகத்தின் மேல் ஏறிப் படுத்திருக்கும். அதைப் பின்னால் தள்ளி, சுரண்டி எடுத்தாள். சொரசொர அட்டையால் நகத்தின் பளபளப்பை மட்டும் லேசாகப் போக்கினாள். அழுத்தித் தேய்த்தால் நகம் தாளாகிவிடுமாம். பிறகு ஈரத்தை இழுக்கிற ஒரு மருந்தைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, பிரைமர் என்று ஒன்றைத் துளியூண்டு தடவி, அதற்கு மேல்தான் உருண்டை. அதுவும் சதையில் படக்கூடாது, ஒரு மயிரிழை விட்டு நிறுத்த வேண்டும். சதையில் ஏறி உட்கார்ந்தால் சதை அசையும்போதெல்லாம் அது தூக்கும்.

இவ்வளவும் செய்தாள். கொஞ்சம் கூடுதல் நாள் நின்றது, ஆனாலும் தூக்கியது. குந்தவை வந்தாள், கத்தினாள், உட்கார்ந்தாள்.

நான் சொன்னேன், குந்தவைக்குச் சூட்டு உடம்பு, அதுதான் நகத்தைத் தள்ளுகிறது, மோர் குடிக்கச் சொல் என்று. லின்சி ஒத்துக்கொள்ளவில்லை. இதை எழுத வேண்டாம் என்கிறாள் செம்மொழி. எழுதத்தான் வேண்டும். அந்தச் சூட்டில் எனக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது.

மார்கழி பிறந்தது. ஒரு காலையில் அருள்மேரி பேத்தி ரெஜினாவைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராகக் கடைக்கு வந்தாள். ஜோஸ்வா போன் பண்ணினானாம், பொங்கல் முடிந்ததும் லைனில் ஆள் எடுக்கிறார்களாம். "சாமானெல்லாம் ஒண்ணொண்ணா கட்டி வையி. கடைசி நாள்ல பறக்காத" என்று மருமகளிடம் சொல்லிவிட்டு என் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தாள். லின்சி பொடி டப்பாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

அந்த நேரத்தில் குந்தவை வந்தாள். அவள் அப்பா அம்மாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். நடுவிரல் நகம் மறுபடி தூக்கியிருந்தது.

"அக்கா, தஞ்சாவூர்ல பெரிய கடை இருக்கு, அங்க போங்க. எனக்கு வரல" என்றாள் லின்சி.

"அங்க போயி யார்கிட்ட கத்துறது? அவங்க ஏசி போட்டுக் கதவச் சாத்தியிருப்பாங்க. உக்காருடி."

லின்சி உட்கார்ந்தாள். பழையதை மருந்தில் ஊறவைத்துக் கழற்றி, கையைக் கழுவிக் காய விட்டு, தோல் தள்ளி, அட்டையால் தேய்த்து, மருந்தால் துடைத்தாள். கண்ணில் தண்ணீர் நின்றதே தவிரக் கை ஒழுங்காக வேலை செய்தது. ஒவ்வொரு விரலாகப் பிடித்து, மூலையில் இருக்கிற தூசியை உஸ் உஸ்ஸென்று ஊதினாள்.

குந்தவை மூக்கைச் சுளித்தாள். "ஏன்டி, காலையில பழைய சோத்துக்குப் பூண்டு ஊறுகாயா?"

"எப்படிக்கா தெரியும்?"

"வெரலுக்கு ஒருவாட்டி ஊதுறியே, வாசம் வராம என்ன செய்யும்? நகமே மணக்குது, மோந்து பாரு!"

அருள்மேரிகூடச் சிரித்துவிட்டாள். லின்சி சிரிக்கவில்லை. ஊதக் குவித்த வாய் அப்படியே நின்றது. பிறகு மேசையில் கிடந்த கைக்கண்ணாடியை எடுத்து, அதன்மேல் ஊதினாள். கண்ணாடி மங்கியது. விரலால் தடவிப் பார்த்தாள், ஈரம்.

"அத்தை," என்றாள் மாமியாரைப் பார்த்து, "நான் தொடச்சுத் தொடச்சுக் காய வச்சுட்டு, கடைசியில நானே ஊதி ஊதி நனைச்சிருக்கேன்."

"அதெப்படி உனக்கே தெரியாம?" என்று கேட்டாள் அருள்மேரி.

"பிசிறு வெட்டுனதும் பஞ்ச ஊதித் தள்ளுவோம்ல. நாளெல்லாம் அதான். வாய் தானா ஊதுது அத்தை. நான் ஊதுறேன்னே எனக்குத் தெரியல."

திருச்சி டீச்சரும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. 'நான் ஊதுகிறேன்' என்று சொன்னால்தானே அந்த அம்மா திட்டுவாள்? மூச்சுக்காற்றுக்கு எதிரே உட்கார்ந்த விரலுக்குத்தான் அது தெரிந்திருந்தது.

கொரோனாவில் வாங்கிய மாஸ்க் ஒரு கட்டு என் அலமாரியில் கிடந்தது. கொண்டுவந்து கொடுத்தேன். மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்டு, மருந்து தொட்டு முதலிலிருந்து துடைத்தாள். தூசி தட்ட, முகத்துக்குப் பவுடர் போடும் மெத்துப் பிரஷ் ஒன்றைப் புதிதாகப் பிரித்தாள். துடைத்த நகத்தைத் தன் விரலாலும் தொடவில்லை, குந்தவையையும் தொட விடவில்லை. குந்தவை காதை நோண்டப் போனபோது, "கைய எறக்குங்கக்கா!" என்று மாஸ்க்குக்குள்ளிருந்து ஒரு அதட்டல் போட்டாள் பாருங்கள், எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம்.

குந்தவை புது நகத்தோடு திருக்கடையூர் போனாள். அங்கே அப்பா அம்மா தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும், மஞ்சள் குங்குமம் கரைக்க வேண்டும், பந்தி பரிமாற வேண்டும். நகத்துக்கு அதைவிடப் பெரிய சோதனை கிடையாது. இங்கே லின்சி கிறிஸ்துமஸுக்குக் குடிலும் கட்டினாள், மூட்டையும் கட்டினாள். பாதி சாமான் மூட்டையில், பாதி மேசையில். யாராவது படியேறினால் தலை நிமிரும். குந்தவையின் சத்தம் வரவில்லை. கத்திக் கத்தி ஓய்ந்து அவளும் தஞ்சாவூர் கடைக்குப் போய்விட்டாளோ என்று எனக்கே பயமாக இருந்தது. அந்தக் கத்தலுக்காக ஏங்கினேன் என்றால் நம்புவீர்களா?

பொங்கலுக்கு முந்தின வாரம் வந்தாள். சத்தமே இல்லாமல் வந்து பத்து விரலையும் மேசையில் பரப்பி வைத்தாள். அருள்மேரியும் அன்றைக்கு இருந்தாள். நகம் வளர்ந்ததால் அடியில் பிறை மாதிரி இடைவெளி விழுந்திருந்தது. அது வளர்ச்சி, அது நல்லது. ஓரம் எதுவும் தூக்கவில்லை.

லின்சி ஒரு குச்சியால் ஒவ்வொரு ஓரமாகத் தட்டித் தட்டிப் பார்த்தாள். அருள்மேரிக்குத்தான் பொறுக்கவில்லை, குந்தவையின் கட்டைவிரலைப் பிடித்து இழுத்தாள்.

"நெசமாவே வரலயே!"

"ஐயோ விடுங்க பெரியம்மா, வெரலு வந்துடும்!"

"இப்ப என்னக்கா வேணும்?" என்று கேட்டாள் லின்சி.

"ரீஃபில் போடு. அந்தப் பிறைய மூடு. கத்துறதுக்கு ஒண்ணுமில்லாம வந்தது எனக்கே ஒரு மாதிரியா இருக்கு."

"அக்கா, உங்க பேருக்குக் கோயில்ல மெழுகுவத்தி ஏத்துனேன்."

"என் பேருக்கா? நான் உசுரோடதான்டி இருக்கேன்!"

"உசுரோட இருக்கிறவங்களுக்கும் ஏத்தலாம்க்கா. எல்லாரும் ஒண்ணும் சொல்லாம போயிட்டாங்க. நீங்கதான் திரும்பத் திரும்ப வந்து திட்டுனீங்க."

குந்தவை பத்து விரலையும் அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள். கையை மறைத்துக்கொண்டு நல்ல வார்த்தை சொல்லிப் போனவர்களால் இந்தப் பிள்ளைக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. கழன்ற நகத்தை மேசையில் போட்டவளால்தான் கடை நின்றது. எரிச்சல்பட்ட என் புத்தியையும் இதோடு சேர்த்து எழுது செம்மொழி. அந்தக் குந்தவை நன்றாக இருக்கட்டும், அவள் தொண்டை நன்றாக இருக்கட்டும்.

லின்சி அங்கேயே ஜோஸ்வாவுக்குப் போன் போட்டாள். "லைன்ல என் எடத்த வேற யாருக்காச்சும் குடுக்கச் சொல்லுங்க" என்றாள். அவன் என்னவோ கேட்டான். "ஆமா, நிக்கிது. நிக்கிதுங்க" என்று மட்டும் சொன்னாள். மாமியார் என்ன சொல்வாளோ என்று திரும்பிப் பார்த்தாள்.

அருள்மேரி எழுந்து, மூட்டையின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "நாளையிலேருந்து ரெஜினாவுக்குச் சட நீயே பின்னி அனுப்பு. எனக்குக் கை கடுக்குது."