இரண்டு கட்டிலுக்கு ஒரு ஹீட்டர்

சின்னக்கானல் பக்கத்து ரிசார்ட் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை ராமலட்சுமிக்கு. டிசம்பர் மாதக் காலை ஒன்றில், விருந்தினர் காலி செய்துவிட்டுப் போன அறையில் படுக்கை விரிப்பை உருவிக்கொண்டிருந்தபோது உச்சந்தலையில் வெயில் விழுவதுபோல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. எதிர்ப்பக்க மரம்கூடத் தெரியவில்லை. அண்ணாந்து பார்த்தாள். கூரையில் வெள்ளையாக, அலமாரிக் கதவு மாதிரி ஒரு பலகை. அதில் விளக்கு எரியவில்லை, சத்தமும் இல்லை. கையை உயர்த்தினாள். உள்ளங்கையில் சூடு இறங்கியது. விரிப்பை மார்போடு அணைத்தபடி அதற்கடியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னக்கா, ரூமுக்குள்ள நின்னு வெயில் காயுறீங்க?" வாளியோடு வந்த பெர்சி சிரித்தாள். இருவரும் ஒரே ஷிப்ட்.

"இது என்னது புள்ள?"

"ஹீட்டர்க்கா. போன வாரம்தான் மாட்டுனாங்க. காத்தச் சூடாக்காதாம், கீழ இருக்குற ஆளத்தான் சூடாக்குமாம். மூக்கு காயாது, மூச்சு முட்டாதுன்னு மேனேஜர் சொன்னாரு."

மூச்சு முட்டாது என்ற சொல் ராமலட்சுமியைப் பிடித்துக்கொண்டது. அன்று முழுக்க எந்த அறையைப் பெருக்கினாலும் அதே நினைப்பு.

அவளுடைய மகள் மோனிஷா மலைக்குக் கீழே, பாலக்காட்டுப் பக்கத்துக் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறாள். ஹாஸ்டல் வாசம். போன புதிதில் லீவு கிடைத்தபோதெல்லாம் மறையூர் வழி பஸ் பிடித்து வந்துவிடுவாள். பிறகு வருவது குறைந்தது. அப்புறம் நின்றே போனது. "அங்க வந்தா மூச்சு இரைக்குதும்மா. குளிர் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றாள் போனில். பெற்றவள் வேறென்ன சொல்வாள்? உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு, மகளின் கட்டில் விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டாள். காலனியில் அவளுடையது ஒரே அறையும் ஒரு சமையல்கட்டும். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். இரண்டு கட்டில்கள். புருஷன் பாண்டி எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டியவன். வண்டி கவிழ்ந்து அவன் இறந்தபோது மோனிஷா இரண்டாம் வகுப்பு. அதிலிருந்து அந்த அறையில் தாயும் மகளும்தான். இப்போது தாய் மட்டும். குளிர்காலத்தில் வேலை முடிந்து கதவைத் திறந்தால், பூட்டிக் கிடந்த வீட்டுக்குள்ளேதான் வெளியைவிட அதிகமாகக் குளிரும்.

வார விடுமுறையில் பூப்பாறைக்குப் போனாள். அங்கே எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் சைனுதீன் பாலக்காட்டுக்காரர். கடைக்கு வந்தவரிடம் வீட்டைப் பற்றிக் கேட்காமல் எதையும் எடுத்துக் கொடுக்க மாட்டார்.

மேலே மாட்டுகிறதில் அவரிடம் இரண்டு ரகம் இருந்தது. ஒன்றைப் போட்டுக் காட்டினார். நீளமான குழல் கனன்று சிவந்தது. ராமலட்சுமிக்கு அதுதான் பிடித்தது. கண்ணுக்குத் தெரிகிற சூடு.

"கூரை எவ்வளவு உசரமுங்க உங்க ஊட்டுல?"

"நான் கையத் தூக்குனா ஒரு முழம் மிச்சம் இருக்கும்."

"அப்ப இது வேண்டாமுங்க. இது திறந்த வராந்தாவுக்கு, உசரத்துல மாட்டறது. உங்க ஊட்டுல மாட்டுனா மண்டை காஞ்சு போகும். இந்தப் பலகை மாதிரி இருக்குது பாருங்க, இதுதான் தாழ்ந்த கூரைக்குச் சரி. சிவப்பா ஒண்ணும் தெரியாது. ஆனா மெதுவா, வெயில் மாதிரி இறங்கும்."

"அதேதாங்க ரிசார்ட்ல இருக்குறது. அதத்தான் கேட்டு வந்தேன்."

"ஷீட்டுல நேரா மாட்டப்படாதுங்க. கட்டை அடிச்சு, இடம் விட்டுத்தான் தொங்கவிடோணும். பழைய வயரையும் மாத்தோணும். நம்ம ஷாஜியை அனுப்பறேன், அவன் பார்த்துக்குவான்." கையைப் பலகைமேல் வைத்தபடி கேட்டார்: "ஊட்டுல எத்தனை பேருங்க?"

எளிய கேள்வி. ராமலட்சுமி கடைக்கு வெளியே போகும் ஜீப்பைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரு" என்றாள்.

"அப்பப் பெருசு எடுத்துக்கோங்க. சின்னது ஒரு ஆளுக்குத்தான் போதும்."

பெரியதையே எடுத்தாள்.

ஷாஜி வந்து வயர் மாற்றி, கட்டை அடித்து முடித்ததும் ஏணியில் நின்றபடி மலையாளம் கலந்த தமிழில் கேட்டான்: "சேச்சி எந்தக் கட்டில்ல கெடக்கும்? அதுக்கு நேர் மேல போட்டாத்தான் சுகம்."

"நடுவுல போடுப்பா."

"நடுவுல தரையல்லே இருக்கு சேச்சி? ரெண்டு கட்டிலுக்கும் ஓரம் ஓரமாத்தான் கிட்டும். கட்டில் ரெண்டையும் சேர்த்துப் போடக் கூடாதா?"

சேர்த்துப் போட்டால் சமையல்கட்டுக் கதவு திறக்காது. இரண்டும் இரண்டு சுவரோரமாகத்தான் கிடந்தாக வேண்டும். அவள் யோசித்தாள். மகள் கட்டிலுக்கு மேலே போடச் சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. மகள் இல்லாத நாளில் வெறும் கட்டிலையா சூடாக்குவது?

"பரவாயில்ல, நடுவுலயே இருக்கட்டும்."

அன்று சாயங்காலமே மகளை வீடியோவில் கூப்பிட்டாள். மோனிஷா ஹாஸ்டல் அறையில் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ராமலட்சுமி போனைத் திருப்பிக் கூரையைக் காட்டினாள்.

"எதுக்கும்மா இவ்வளவு செலவு?"

"உனக்குத்தான்த்தா. பொங்கலுக்கு வா. இது காத்தக் காய வைக்காது. இனிமே மூச்சு இரைக்காது பாரு."

மகள் முகத்தில் அசைவில்லை. படம் நின்றுவிட்டதோ என்று ராமலட்சுமி போனை ஆட்டினாள். ஃபேன் சுற்றுவது தெரிந்தது.

"அம்மா, எனக்கு மூச்சு இரைக்கவே இல்ல."

"என்னத்தா சொல்ற?"

"பொய் சொன்னேன். எந்த டாக்டரும் ஒண்ணும் சொல்லல. அந்த ரூமுக்குள்ள வந்தாலே நான் திரும்பச் சின்னப் புள்ளையா ஆயிருறேம்மா. பள்ளிக்கூடம் விட்டு வந்து, கதவச் சாத்திக்கிட்டு உக்காந்திருப்பேன். நான் வர்ற வரைக்கும் அடுப்பத் தொடாதேன்னு சொல்லிட்டுப் போயிருவ. கால் ரெண்டும் மரத்துப் போயிரும். ஆனை வந்திருக்குன்னு வெளிய கத்துவாங்க. நீ எங்க நிக்கிறியோ, வருவியோ மாட்டியோன்னு கதவையே பாத்துக்கிட்டு இருப்பேன்."

"தீ கீ பிடிச்சிருமோன்னு பயந்துத்தா…"

"தெரியும்மா. உன்னைய நான் குத்தம் சொல்லல. நீ வேலைக்குப் போகாட்டி நாம எங்க போயிருப்போம்? ஆனா வர முடியலம்மா. என்னால முடியல."

ராமலட்சுமி "சரித்தா" என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். போனை வைத்தபிறகும் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே பலகை சூடாகிக்கொண்டிருந்தது.

மறு வாரம் அவளுக்குக் காலை ஷிப்ட். மாலையில் பள்ளிப் பிள்ளைகள் மேடேறி வருகிற நேரத்துக்கே வீடு வந்துவிட்டாள். கதவைச் சாத்தினாள். அடுப்பைப் பற்ற வைக்கவில்லை, ஹீட்டரையும் போடவில்லை. மகளின் கட்டிலில் ஏறி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. மெல்ல ஜன்னல் சாம்பல் நிறமானது. ஷீட்டில் பனி சொட்டியது. விரல் நுனிகள் மரத்தன, பிறகு பாதம். வெளியே யாராவது நடந்தால் காலடி கதவு வரை வந்து, தாண்டிப் போவது தெளிவாகக் கேட்டது. ஒவ்வொரு தடவையும் அவள் தலை தானாக நிமிர்ந்தது. இத்தனை வருஷமும் அவள் அந்தக் கதவை வெளியிலிருந்து திறந்தவள். ஓட்டமாக ஓடிவந்து, திறந்தவுடன் அடுப்பைப் பற்ற வைத்து, பிள்ளையின் காலைத் தேய்த்துவிட்டவள். அதுவரை பிள்ளை எப்படி இருந்தது என்று நினைக்க அப்போது நேரமிருந்ததில்லை. முன்னெல்லாம் தான் வீடு திரும்புகிற கடைசி ஜீப் ரோட்டில் உறுமிப் போகும் வரை அப்படியே இருந்தாள். பின்பு எழுந்தபோது கால் ஊன்றவில்லை. சுவரைப் பிடித்துப் போய் சுவிட்சைப் போட்டாள்.

அடுத்த நாள் மகளுக்குப் போன் செய்து, "நீ வர வேண்டாம்த்தா. நான் வாரேன்" என்றாள்.

"ஹாஸ்டல்ல தங்க விடமாட்டாங்கம்மா."

"தங்குறதுக்கு இல்ல. பாத்துட்டு வந்துருதேன்."

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமைக்கு, முந்தின நாளே கிளம்பி, உடுமலையில் பெரியம்மா மகள் நாச்சம்மாள் வீட்டில் தங்கி, கஞ்சிக்கோடு போய்ச் சேர்ந்தாள். ஜனவரியிலும் அங்கே தார் ரோடு கொதித்தது. ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் மடித்துக்கொண்டு நின்றவளை மோனிஷா தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு வேகமாக வந்தாள். பஸ் நிறுத்தம் பக்கத்துப் பெட்டிக்கடையில் ஆளுக்கொரு சர்பத் வாங்கி, நிழலில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கம்பெனி லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"ஹீட்டர் நல்லா இருக்காம்மா?" மகள் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. ராத்திரி சமையல் முடிஞ்சதும் என் கட்டில இழுத்து நடுவுல போட்டுக்கிடுதேன். முகம் சுடுது, முதுகு குளிருது. புரண்டு புரண்டு படுக்க வேண்டியிருக்கு."

மோனிஷா சிரித்துவிட்டாள். அப்புறம் அம்மாவின் கையிலிருந்த ஸ்வெட்டரை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் வந்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தாள்.

உடுமலைக்கு வந்து, மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் மலையேறினாள் ராமலட்சுமி. மறையூர் தாண்டியதும் ஜன்னல் வழியே குளிர்காற்று உள்ளே வந்தது. பக்கத்து சீட்டில் ஆளில்லை. ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டு, மகள் மடியில் வைத்திருந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டாள்.