எதிரி உமக்கு என்ன உறவு?

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு மளிகைச் சீட்டு எழுதியதோடு சரி. நினைவும் முன்போல இல்லை. நேற்று வைத்த சாவியையே இன்று தேடுகிறேன். முன்னே பின்னே மாறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரன் போய் இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. மதுவிலக்கு எங்கள் ஜில்லாவுக்கும் வந்த புதிது. அப்பா ராஜபாளையம் ஸ்டேஷனில் போலீஸ்காரர். வத்திராயிருப்பில் இருந்த என் மாமா, அம்மாவுக்கு ஒரே தம்பி. கள்ளுக்கடை மறியலில் அடி வாங்கியவர். மதுவிலக்கு கொண்டுவருவோம் என்று சொல்லி ஓட்டுக் கேட்டவருக்கு மாலை போட்டு, மேளத்தோடு அழைத்து வந்தவரும் அவர்தான். அந்தக் கோடையில் மாமாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண், தளவாய்புரத்து உபதேசியாரின் மகள். நாங்கள் வேதக்காரர்கள். கல்யாணத்துக்கு ஆட்சேபம் உண்டா என்று கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள்; முதல் ஓலை வாசித்தாயிற்று. இன்னும் இரண்டு ஞாயிறு வாசித்துவிட்டால் கல்யாணம்.

அம்மா அப்போது மசக்கையாக இருந்தாள். எதைத் தின்றாலும் வாந்தி. பதநீர் குடித்தால் தேவலை என்று சொல்லியனுப்பியிருந்தாள். லீவுக்கு வத்திராயிருப்பு போயிருந்த என்னைத் திரும்பக் கொண்டுவந்து விடும்போது, மாமா ஒரு கலயம் பதநீரும் கொண்டுவந்தார். லைசென்ஸ் உள்ளவரிடம் வாங்கியதுதான். கலயத்தின் வாயைத் துணியால் இறுகக் கட்டி மடியில் வைத்துக்கொண்டார்.

நாங்கள் ஏறிய பஸ், பெட்ரோலுக்குப் பதில் கரி போட்டு ஓட்டும் கரிவண்டி. ஏற்றம் வந்தால் முக்கும், நிற்கும், புகைவிடும். நல்ல வெயில். மாமாவோ பக்கத்தில் இருந்த ஒரு பெரியவரிடம் அரசாங்கம் பேசிக்கொண்டே வந்தார்.

"சட்டம் போடுறது ஒருத்தன். அதை நடத்துறது ஒருத்தன். தீர்ப்புச் சொல்றது ஒருத்தன். மூணும் ஒருத்தன் கையில இருந்தா அதுக்குப் பேரு வெள்ளைக்காரன் ராஜ்ஜியம்."

"அப்ப தாசில்தாரு வரியும் வாங்குதாரு, கேசும் கேக்குதாரே?"

"அதைத்தான் பிரிக்கணுங்கோம். டெல்லியில இப்ப பெரிய சட்டமே எழுதுதாக. டெல்லிக்கு எது, சென்னைக்கு எதுன்னு பங்கு பிரிச்சு எழுதுதாக."

பெரியவர் தலையாட்டியபடி தூங்கிப்போனார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் மாமாவின் மடியில் இருந்த துணி உப்ப ஆரம்பித்தது. ராஜபாளையத்துக்குள் வண்டி ஒரு குலுக்கு குலுக்கியதும் கட்டுத் தெறித்து, நுரை பொங்கி மாமாவின் கதர்ச் சட்டையிலும் பெரியவரின் மீசையிலும் வழிந்தது. பெரியவர் விழித்து மீசையை நக்கிப் பார்த்தார்.

"ஏலே, யாருலே கள்ளு கொண்டாந்தது!" என்று பின்னால் ஒருவர் கத்தினார்.

பஸ் ஸ்டாண்டில் போலீஸ் சோதனை. சத்தம் கேட்டு வண்டியில் ஏறியவர் அப்பா.

அப்பா மாமாவைப் பார்த்தார். கலயத்தைப் பார்த்தார். வண்டியே அப்பாவைப் பார்த்தது.

"என்ன ஏட்டையா, மச்சினன்னு விட்டுருவியளோ?" என்றது ஒரு குரல். அப்பா ஏட்டுகூட இல்லை.

மாமா எழுந்து நின்றார். "அத்தான், ஒங்க வேலையச் செய்யுங்க" என்றார். அவ்வளவு பேர் முன்னால் வேறு என்ன சொல்ல முடியும்? அப்பா கலயத்தை வாங்கிக்கொண்டு முன்னால் இறங்க, மாமா பின்னால் இறங்கினார். என்னைக் கவனிப்பாரில்லை. நானாக வீடு போய்ச் சேர்ந்தேன்.

மாமாவை ஜாமீனில் விட்டார்கள்; கேஸ் முடியும்வரை எங்கள் வீட்டிலேயே இருந்தார். அதற்குள் உபதேசியாரிடமிருந்து ஆள் வந்துவிட்டது. கேஸ் எதிராகப் போனால் மூன்றாம் ஓலை வாசிக்கச் சம்மதிக்கமாட்டாராம். குடிகேஸில் தண்டனை பெற்றவனுக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்று கேட்டாராம்.

அம்மா அப்பாவிடம் பேசுவதை நிறுத்தினாள். எல்லாம் என் வழியாகத்தான். "ஒங்கப்பாட்ட சொல்லு, சோறு ஆறுதுன்னு." ஒருநாள் தாங்காமல் நேராகவே கேட்டுவிட்டாள்.

"சர்க்காரு ஒங்க கையிலதான இருக்கு? கேசக் கிழிச்சிப் போட்டா என்ன?"

"புடிக்கிறதுதான் எனக்குக் குடுத்த வேலை. விடுறது கோர்ட்டுல இருக்கிறவிய வேலை."

"அப்ப இந்தச் சட்டம் போட்டவியகிட்டப் போயிக் கேளுங்க."

"அவியளுக்கு மாலை போட்டதே ஒந்தம்பிதான, ஏட்டி."

"டெல்லிக்கு ஒரு கார்டு போட்டா?"

இதற்கு மாமாவே மூலையிலிருந்து பதில் சொன்னார். "இல்லக்கா. பட்டாளம், ரயிலு, தபாலு இதெல்லாந்தான் டெல்லி. சாராயம் சென்னைப் பங்கு. டெல்லி தலையிடக் கூடாது."

"ஒன்னைய யாருலே கேட்டா?" என்று அம்மா கரண்டியைக் கீழே போட்டாள். "மூணு பேரும் மூணு பக்கம் கைய விரிச்சா, நடுவுல எந்தம்பில்லா நிக்கான்!"

எனக்கு இது விளங்கவில்லை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று பேர், ஆனால் ஒரே கடவுள் என்று ஓய்வுநாள் பள்ளியில் படித்திருந்தேன். சர்க்காரும் அதுபோலத்தான் என்று நானாக முடிவு கட்டினேன். மூன்றும் ஒன்றுதான் என்றால் ஒருவரிடம் கேட்டாலே போதுமே. அதனால் அப்பா போலீஸ் சட்டை மாட்டும்போதெல்லாம் முன்னால் போய்க் கைகூப்பி நிற்பேன். "என்னட்டி, காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்.

விசாரணை ஸ்ரீவில்லிபுத்தூரில். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள், நானும் ஒட்டிக்கொண்டேன். அங்கே மாமாவை எல்லோரும் "எதிரி" என்றார்கள். எதிரி எங்கே, எதிரி இங்கே நில் என்று. குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கோர்ட்டில் அதுதான் பேர் என்று எனக்குத் தெரியுமா? மாமா யாருக்கு எதிரி என்று அம்மாவைக் கேட்டதற்குத் தொடையில் கிள்ளு விழுந்தது.

அப்பா கூண்டில் ஏறினார். மாஜிஸ்ட்ரேட் கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர்.

"எதிரி உமக்கு என்ன உறவு?"

"மச்சினன்ங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மாஜிஸ்ட்ரேட் சிரிக்கவில்லை.

"கலயத்தைப் பிடிக்கும்போது எப்படி இருந்தது?"

"நுரைச்சிருந்துதுங்க. கள்ளு வாடையும் இருந்துது."

அம்மா "அடப்பாவி" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

"வேறே?"

கூட வந்திருந்த ஏட்டு, நிஜ ஏட்டு, தொண்டையைச் செருமினார். அப்பா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"உள்ள சுண்ணாம்பு தடவியிருந்துதுங்க. அடி வரைக்கும்."

பதநீர் புளிக்காமல் இருக்கத்தான் சுண்ணாம்பு தடவுவார்கள். கள்ளு வேண்டுமென்கிறவன் தடவமாட்டான். மாஜிஸ்ட்ரேட் கலயத்தை வாங்கி, உள்ளே விரலை விட்டுத் தேய்த்து, வெள்ளையாக வந்த விரலைப் பார்த்தார்.

"சுண்ணாம்பு போட்டுக் கொண்டுவந்திருக்கான். புளிக்க வச்சது வெயில். வெயிலத் தண்டிக்க எனக்கு அதிகாரம் கிடையாது" என்றார். மாமாவை விட்டுவிட்டார்கள். மூன்றாம் ஓலைக்கும் இனித் தடையில்லை. மாமா பிரசங்கம் செய்ய வாயைத் திறந்தார். சேவகர் "உஸ்" என்று விரட்டினார்.

திரும்பும் வண்டியில் ஏட்டையா அப்பாவைக் காய்ச்சி எடுத்தார். "கேக்காதத எதுக்குய்யா சொன்ன? புடிச்ச கேச நீயே கெடுத்துட்டியே!"

"ஆமாங்கய்யா, கெட்டுத்தான் போச்சு" என்றார் அப்பா. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மெதுவாகப் பாட ஆரம்பித்தார். கோயிலில்கூட உதடு அசையாத மனிதர். ராகமும் இல்லை, தாளமும் இல்லை. ஆனால் ராஜபாளையம் வரும்வரை நிறுத்தவில்லை. அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு வெளியே பார்த்தாள். அழுதாளா சிரித்தாளா, தெரியவில்லை.

எனக்கோ வெட்கம். மாமா ஜெயித்தார் என்றால் அப்பா தோற்றார் என்றுதானே அர்த்தம்? நாளைக்கு எங்கள் போலீஸ் லயன் வீடுகளில் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது? தோற்ற மனிதர் எதற்குப் பாடுகிறார் என்று கோபமாகவும் வந்தது. அப்பா கையை நீட்டியும் போகாமல் மாமா பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். தன் வேலையைத் தப்பில்லாமல் செய்துவிட்டு, பிடித்தவனை விட்டுவிடு என்று சொல்ல இன்னொருவர் இருக்கிறாரே என்று ஒரு மனிதருக்கு நெஞ்சு நிறையும் என்பது அந்த வயதில் எனக்கு எப்படித் தெரியும்?

சுண்ணாம்பு விஷயம் சட்டத்திலேயே எழுதியிருந்ததா, அந்த மாஜிஸ்ட்ரேட் தாமாகச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. தாசில்தார் வேலையையும் கோர்ட்டையும் அதற்குள் பிரித்துவிட்டார்களா என்பதும் நிச்சயமில்லை. சட்டம் படித்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திக்கொடுங்கள். அப்பா பாடியதை மட்டும் திருத்த வேண்டாம். அது நானே கேட்டது.