மாவுக்கட்டு போட்ட கிட்டார்

அந்தத் தெருவில் எல்லோரும் அவளைப் பல்லுக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் பல் டாக்டர் அல்ல. டாக்டர் எடுத்து அனுப்பும் அச்சை வைத்துப் பல்செட் செய்கிறவள். இருபத்தாறு வருடமாக அதே மேசை, அதே நாற்காலி. "இந்த ஊர்ல பாதிப் பேர் என் பெண்டாட்டி கைவேலையாலதான் சிரிக்கிறாங்க" என்று அவள் கணவர் பீற்றிக்கொள்வார். அவர் லிஃப்ட் மெக்கானிக். மனிதர்களை மேலே ஏற்றுவதும் கீழே இறக்குவதும் அவர் பிழைப்பு.

உடைந்த பல்செட்டுகளை ஒட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஒரு வியாழக்கிழமை மதியம், அவள் வீட்டிலேயே, அவள் கையாலேயே ஒன்று உடைந்தது. அது அவள் தங்கையின் கிட்டார்.

பீரோவின் மேலிருந்து போர்வை மூட்டையை இழுத்தாள். மூட்டை சரிந்து, பக்கத்தில் துணியுறைக்குள் சாய்ந்து நின்ற கிட்டாரின் மேல் விழுந்தது. கிட்டார் முகங்குப்புறத் தரையில் சாய்ந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரி ஒரு 'சடக்'. அவள் உறையைத் திறந்தாள். கழுத்தும் தலையும் சேருகிற இடத்தில் மரம் சாய்வாகப் பிளந்திருந்தது. தலைப்பகுதி விழுந்துவிடவில்லை. ஆறு தந்திகளும் அதை இழுத்துப் பிடித்திருக்க, பிளவு மீன் வாயைப் போலத் திறந்து கிடந்தது.

ஒரு கிட்டார் உடைந்ததில் அப்படி என்ன என்று கேட்பீர்கள். அம்மா போன பிறகு அந்தத் தங்கையை வளர்த்தவள் இவள்தான். சின்னவளுக்குப் பத்தொன்பது வயதில், பரீட்சைக்கு முந்தின நாளும் அவள் கிட்டாரும் கையுமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, வந்திருந்த சொந்தக்காரர்கள் முன்னால் இவள் கத்தினாள்: "ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் இந்தக் கட்டையை உடைச்சு அடுப்புல வைக்கிறேனா இல்லையான்னு பாரு." சின்னவள் கிட்டாரை உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். அடுத்த மாதமே வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு இருபத்து மூன்று வருடங்கள் நல்லது கெட்டதுக்கு வந்து போனாள், அவ்வளவுதான். முந்தின மாதம் வீடு மாற்றும்போதுதான் முதல் தடவையாக இறங்கி வந்து, "அக்கா, புது வீட்டுல பெயின்ட் வேலை நடக்குது, இது உங்கிட்ட இருக்கட்டும்" என்று அதைக் கொடுத்துவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மாலை எடுத்துப்போக வருவதாகச் சொல்லியிருந்தாள்.

கை தவறி உடைந்தது என்று இனி யார் சொன்னால்தான் அவள் நம்புவாள்?

லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து வந்ததும் விஷயத்தைக் கேட்டுவிட்டு, தமக்குத் தெரிந்த யோசனைகளை அவிழ்த்துவிட்டார். கடையில் அதே மாதிரி புதுசு வாங்கி வைத்துவிடலாம் என்றார். அதன் உடம்பில் இருக்கிற ஒவ்வொரு கீறலும் சின்னவளுக்கு மனப்பாடம் என்றாள் மனைவி.

"அப்ப திருடன் வந்து உடைச்சிட்டான்னு சொல்லிடுவோம்."

"திருடன் தூக்கிட்டுப் போவானா, உடைச்சு உறையில போட்டு ஜிப் மாட்டிட்டுப் போவானா?"

அவர் சாப்பிட உட்கார்ந்தார்.

அவள் சாப்பிடவில்லை. சமையலறை மேசையைத் துடைத்து, அதில் கிட்டாரைக் கிடத்தி, தந்திகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக் கழற்றினாள். இழுவிசை போனதும் பிளவு தானாகவே பாதி மூடியது. விரலால் அழுத்தியபோது நாரோடு நார் பொருந்தி, மயிரிழைக் கோடுதான் மிஞ்சியது. அவளுக்கு உயிர் வந்தது. துண்டுகள் சுத்தமாகப் பொருந்தினால் பாதி வேலை முடிந்தது என்பது அவள் தொழில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

ஆனால் சாய்வான பிளவில், துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கிற கிளாம்ப் போட்டு முறுக்கினால் ஒரு துண்டு மற்றதன்மேல் வழுக்கும். கழுத்தின் பின்புறம் வேறு உருண்டை. பல்செட்டில் இந்தத் தொல்லைக்கு அவளிடம் வழி இருந்தது: உடைந்ததைச் சேர்த்துப் பிடித்து, அடியில் பிளாஸ்டர் மாவு ஊற்றி, அதன் அச்சிலேயே அசையாமல் உட்கார வைப்பது. கிட்டாருக்கும் அதையே செய்தாள். செருப்பு டப்பாவின் பக்கத்தை வெட்டி, மாவைத் தோசை மாவு பதத்தில் கரைத்து ஊற்றி, கழுத்தைப் பாதி ஆழத்துக்கு அழுத்தி வைத்தாள். மாவு இறுகியதும் கழுத்துக்கென்றே செய்த தொட்டில் கிடைத்தது. வெள்ளி காலையில் பிளவை மெல்லத் திறந்து, மெல்லிய தூரிகையால் மரப்பசையை உள்ளே தடவி, தொட்டிலில் படுக்கவைத்துக் கிளாம்பால் இறுக்கிவிட்டு வேலைக்குப் போனாள். அன்று பல்செட் செய்யும் லேபில் இரண்டு கடைவாய்ப் பற்களை இடம் மாற்றி வைத்தாள். அது அவள் சரித்திரத்தில் இல்லாத ஒன்று.

சனிக்கிழமை சாயங்காலம் கிளாம்பை எடுத்தாள். கோடே தெரியவில்லை. தந்தி பூட்டி முறுக்கினாள். மூன்றாவது தந்தி இறுகும்போது மரம் மெல்ல முனகியது. கண் முன்னாலேயே அந்த மீன் வாய் மறுபடி திறந்தது.

அவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். பிளவுக்குள் இருந்த பசை பால் ஏடு போல உரிந்து வந்தது. மரத்தை அது கடிக்கவே இல்லை. ஏன்? ஒட்டின இடத்தை விரலால் தேய்த்து, விரல்களை உரசிப் பார்த்தாள். வழவழவென்றிருந்தது.

புரிந்துவிட்டது. பிளாஸ்டர் ஒட்டாமல் இருக்க, கழுத்தின் பின்புறம் முழுக்க அவள் வாஸ்லின் தடவியிருந்தாள். யோசித்துச் செய்ததல்ல. இருபத்தாறு வருடமாகக் கை தானாகச் செய்வது. மாவு இறுகும்போது சூடாகும். அந்தச் சூட்டில் வாஸ்லின் உருகிப் பிளவுக்குள் இறங்கியிருக்கிறது. லேபில் அதனால் கெடுதல் இல்லை, கொதிநீர் ஊற்றிக் கழுவிவிடுவார்கள். கிட்டாரைக் கொதிநீரில் போட முடியுமா?

"இன்னும் ஒரு நாள்தானேம்மா இருக்கு" என்று கணவர் மெதுவாகச் சொன்னார்.

பழைய டூத்பிரஷில் ஸ்பிரிட் தொட்டு, நாருக்குள் நாராக நுழைந்து, துணி ஈரமானால் மாற்றி, எட்டுத் துணி வீணாகும்வரை துடைத்தாள். ஞாயிறு காலையில் விரல் வழுக்கவில்லை. தொட்டிலில் பிளாஸ்டிக் தாளை விரித்து, புதுப் பசை போட்டு, மறுபடி இறுக்கினாள். கிளாம்பை ஒரு முழு நாள் தொடக் கூடாது.

சின்னவள் மாலையில் வரவில்லை. நண்பகலிலேயே வந்துவிட்டாள்.

கதவைத் திறந்த அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். செருப்பைக் கழற்றாமலே நேரே சமையலறை வாசல்வரை போனாள். மேசையில், தந்தியில்லாமல், வெள்ளை மாவுக்குள் கழுத்து புதைந்து கிடந்தது அவளுடைய கிட்டார்.

"உடைச்சிட்டியா?" என்றாள். குரல் உயரவில்லை. அதுதான் பல்லுக்காரம்மாவின் நெஞ்சை அறுத்தது.

"போர்வை மூட்டை விழுந்துச்சு. நீ நம்ப மாட்டே. நான் அன்னைக்குச் சொன்ன சொல்லுக்கு நீ எப்படி நம்புவே? நம்பச் சொல்லவும் எனக்கு வாய் இல்லை."

சின்னவள் குனிந்தாள். கழிவுக் கூடையில் கிடந்த எட்டுத் துணிகள், டூத்பிரஷ், உரிந்துபோன பசைத் தோல் எல்லாம் அவள் கண்ணில் பட்டன. அது என்ன என்று கேட்டாள். அக்கா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். முதலில் ஒட்டினதும், அது பிரிந்ததும், வாஸ்லினும்.

"வாஸ்லினா?" சின்னவள் நிமிர்ந்தாள். "கிட்டாருக்கா தடவினே?"

"கை பழக்கத்துல..."

சின்னவளின் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று இவள் நினைத்தாள். அவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணீர் வரச் சிரித்தாள். "வேணும்னு உடைச்சவ குப்பையில போட்டிருப்பாக்கா. மாவுக்கட்டு போட்டு, வாஸ்லின் தடவி, வைத்தியம் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க மாட்டா. இந்தக் கூத்தை உன்னைத் தவிர யாரும் அடிக்க முடியாது."

சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று இருவருக்குமே தெரியவில்லை. கூடத்திலிருந்த லிஃப்ட் மெக்கானிக் வரலாம் என்று எழுந்து, மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

"எப்ப எடுக்கலாம்?" என்று சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"நாளைக்குக் காலையில."

அவள் ஆபீசுக்குப் போன் போட்டு, நாளைக்கு வர முடியாது என்றாள். காரணம் கேட்டார்கள் போலிருக்கிறது. வீட்டில் ஒருத்தருக்குக் கழுத்து எலும்பு முறிவு என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மறுநாள் கிளாம்பை எடுத்து, தந்தி பூட்டினது சின்னவள். பல்லுக்காரம்மா அடுப்பைத் துடைக்கிற சாக்கில் முதுகைக் காட்டி நின்றாள். ஒவ்வொரு தந்தியும் ஏறும்போது அவள் கைத்துணி நின்று நின்று நகர்ந்தது. மூன்றாவது தந்தி ஏறியது. நான்காவது, ஐந்தாவது. ஆறாவதும் ஏறியது. மரம் முனகவில்லை. சின்னவள் விரலால் ஆறையும் ஒரு தரம் வருடினாள்.

"பிடிச்சிருச்சு" என்றாள். பிறகு தந்திகளை மறுபடி தளர்த்தத் தொடங்கினாள். "ஆனா உடனே முழுசா இறுக்க வேணாம். ஒரு வாரம் இப்படியே ஓய்வா இருக்கட்டும். அடுத்த ஞாயிறு வந்து பாக்கறேன்."

"இங்கேயா வச்சுட்டுப் போறே?" என்றாள் அக்கா.

"வேற எங்க வைப்பேன்? பீரோகிட்ட மட்டும் வைக்காதே."

பீரோவின் பக்கம் வைக்கவில்லை. பாதுகாப்பான இடம் என்று அவளுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். அந்த வாரம் முழுக்கக் கிட்டார் கட்டிலில் படுத்திருந்தது. லிஃப்ட் மெக்கானிக் கூடத்தில் பாய் விரித்துக்கொண்டார்.