இணைச்சீரில் விழுந்த ஹார்ட்

கோட்டைமேட்டில் டிவி பழுது பார்த்துக்கொண்டிருந்த யூனுஸ், கல்யாண வீடியோக்கள் பெருகியபோது எடிட்டிங்குக்கு மாறினார். இரண்டு வி.சி.ஆர்., இரண்டு டிவி, படங்களைக் கலக்க ஒரு மிக்சர். ஒன்றில் கேமராக்காரர் எடுத்த கேசட் ஓடும். வேண்டிய இடம் மட்டும் மற்றதில் பதிவாகும். சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் படத்தை வெட்டுவார். பாட்டெல்லாம் பிறகு.

எதையும் அவர் எளிதில் நம்புவதில்லை. கேமராக்காரர் பழைய கேசட்டைத் தந்திருப்பாரோ என்று முதலில் முழுக்க ஓட்டிப் பார்ப்பார். கரண்டை நம்பாமல், முக்கியமான இடங்களைக் காலையிலேயே வெட்டி முடிப்பார்.

தொண்ணூற்றாறில் சிங்கப்பூர் மிக்சர் ஒன்று வாங்கினார். அதில் முகங்களை ஹார்ட் வடிவத்துக்குள் அடைக்கலாம். மாப்பிள்ளை, பெண் முகங்களை உள்ளே வைத்துக் காதல் பாட்டைச் சேர்த்தார். எல்லா வீட்டாரும் அதுவே வேண்டுமென்று கேட்டார்கள்.

தொண்டாமுத்தூர்க் கல்யாணம் ஒன்றின் கேசட்டைச் சொந்தபந்தம் மொத்தமும் உட்கார்ந்து பார்த்தது. மாப்பிள்ளைக்கும் உடன்பிறந்தவளுக்கும் செய்யும் இணைச்சீரில் மாப்பிள்ளையும் அவன் அக்காள் புவனாவும் கூறைச்சேலையின் இரு முனைகளைப் பிடித்து நின்றார்கள். அடுத்து அந்த இரண்டு முகங்களும் ஹார்ட்டுக்குள் வந்தன. பின்னால் காதல் பாட்டு. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

மறுநாள் புவனாவின் கணவர் பாலுசாமி மனைவியோடு வந்து கேசட்டை மேசைமேல் வைத்தார்.

"ஏனுங்க பாய், இது யாரு சொல்லிச் செஞ்சதுங்க?"

"யாரும் சொல்லலீங்க. தப்பு நடந்துபோச்சுங்க."

"எங்க சனத்துக் கண்ணாலக் கேசட்டெல்லாம் நீங்கதானுங்க போடறீங்க. இணைச்சீர்ல நிக்கறது அக்காளும் தம்பியும்னு தெரியாதுங்களா?"

"தெரியுமுங்க. முகத்த மட்டும் கிட்டக்க எடுத்திருந்தாங்க. சேலையே தெரியலீங்க, பொண்ணுன்னு நெனச்சுட்டேனுங்க."

"எங்க கெணத்துத் தண்ணி முறையில இந்த மாப்பிள்ள மச்சினனோட எனக்கு ஒரு தகராறு இருக்குதுங்க. அவன் சொல்லியுட்டானுங்களா? இல்ல, எங்க சீரு உங்களுக்குத் தமாசாப் போச்சுங்களா?"

இந்தப் பேச்சு தோட்டம் தோட்டமாகப் போனால் அடுத்த முகூர்த்தத்துக்கு ஒரு வேலையும் வராது. யூனுஸ் கேமரா கேசட்டைச் செருகி ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தினார். படம் கோடு கோடாக நடுங்கியது. நெற்றிச்சுட்டியோடு ஒரு பெண்முகம், பக்கவாட்டில்.

"இது யாருங்க?"

"இதென்னங்க கேள்வி. புவனாதான்."

புவனா டிவியைப் பார்க்காமல் சொன்னாள். "அது சாந்தாமணிங்க. கண்ணாலப் பொண்ணு."

சாந்தாமணி புவனாவின் தாய்மாமன் மகள். சிறு வயதிலிருந்தே இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே தாடை என்று வீட்டில் சொல்வார்கள்.

பாலுசாமி டிவிக்கு அருகே போய் நின்றார். "கட்டுன பொண்டாட்டிய எனக்கே அடையாளம் தெரியலைங்கறீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலீங்க."

"இந்தப் படத்த முன்னாடியே தேடி வெச்சிருந்தீங்களா?"

"வாங்க, போலாமுங்க. ஊட்டுல மாடு கத்தும்" என்றாள் புவனா.

யூனுஸ் ஹார்ட்டை எடுத்துவிட்டுப் புதிய கேசட் கொடுத்தார். அந்தச் சொந்தத்தின் வேலைகள் நிற்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பாலுசாமி பஸ் ஏறி வந்து, ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். புவனாவையும் கூட்டி வந்தார். யூனுஸின் கண்ணை அவர் நம்பவில்லை. தன் கண்ணையும்தான்.

யூனுஸ் டீ வாங்கிக் கொடுத்தார். மிக்சரில் எதையாவது தொடுகிறார்களா என்று ஒரு கண் வைத்துக்கொண்டே வெட்டினார்.