அக்கராயனில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு பந்து

மூன்றடி. ஒரு எட்டு நீட்டி வைத்தால் முடிந்துவிடும் தூரம். போன வருடம் கொழும்பில் எங்கள் கழகத்தின் பெண்கள் இணை கோல்ஃப் போட்டியில், கடைசிக் குழிக்கு மூன்றடியில் கிடந்த பந்தை நான் தவறவிட்டேன். அந்த ஒரு அடியால் கிண்ணம் போனது. என்னோடு சேர்ந்து ஆடிய மாலினியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் நேரே காருக்குப் போய் ஏறியவள் நான். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பயிற்சியில் அதே மூன்றடியை ஐம்பது தரம் அடித்தால் ஐம்பதும் விழும். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் கை கோழிக்குஞ்சைப் பிடித்த மாதிரி நடுங்கும். இந்த வருடமும் மாலினி என்னைக் கேட்காமலே இரண்டு பேரின் பெயரையும் கொடுத்துவிட்டாள். இந்த முறையும் கடைசியில் சொதப்பினால் கோல்ஃப் தடிகளை விற்றுவிட்டு வேறு வேலை பார்ப்பது என்று முடிவெடுத்திருந்தேன். இதைப் பல்கலைக்கழக விடுதித் தோழி தேவியிடம் புலம்பியபோது, "புலம்பாமல் இஞ்ச வா. எங்கட பிள்ளையள் பழகுறதைப் பார்" என்றாள். தேவி அக்கராயனில் விளையாட்டு ஆசிரியை. ஊர்ப் பெண்களின் வலைப்பந்தாட்ட அணியையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். ஆகஸ்ட் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் கிளம்பினேன்.

கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து காலை 5.45 ரயில். கிளிநொச்சியில் இறங்கும்போது பதினொன்றே முக்கால். அக்கராயன் அங்கிருந்து ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர். ஓட்டோவுக்கு 1,800 ரூபா கொடுத்தேன். பஸ்சும் உண்டு, ஆனால் அதை நம்பி நேரம் குறிக்காதீர்கள்.

பையில் இரண்டு கோல்ஃப் பந்துகளும் கையில் குழிக்குள் பந்தை உருட்டும் தடி ஒன்றும் மட்டுமே கொண்டுபோயிருந்தேன். ஓட்டோக்காரர் தடியின் இரும்புத் தலையைக் கண்ணாடியில் இரண்டு மூன்று தரம் பார்த்தார். பிறகு பொறுக்கமுடியாமல் கேட்டார்.

"அக்கா, மிதிவெடி தேடுற ஆக்களோ நீங்கள்?"

"இல்லைத் தம்பி. இது விளையாட்டுத் தடி."

"ஓ... நான் பயந்திட்டன். எங்கட காணியெல்லாம் பார்த்து முடிச்சு, வெடி இல்லை எண்டு கடிதமும் தந்திட்டினம். பிறகும் ஏன் வருகினம் எண்டு யோசிச்சன்."

மிச்ச வழியெல்லாம் அவருக்கு கோல்ஃப் விளக்கினேன். இவ்வளவு பெரிய புல்வெளியில் ஒரு மாடும் மேய்வதில்லை என்பதை அவர் கடைசிவரை நம்பவில்லை.

மைதானம் குளத்துக்குக் கிட்ட. இறுகிய மண் தரை, இரண்டு பக்கமும் பத்தடிக் கம்பமும் வளையமும். நாலரை மணிக்குப் பெண்கள் ஒவ்வொருவராகச் சைக்கிளில் வந்து சேர்ந்தார்கள். பதினொரு பேர். முக்கால்வாசிப் பேர் வயல் செய்கிற வீடுகளிலிருந்து வருகிறவர்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் தாய்மாரும் இருந்தார்கள். மாகாணப் போட்டி வருகிறது என்பதால் ஒருவரும் பிந்தவில்லை. தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று சுழற்றி அடித்தது. அதற்குள் அவர்கள் ஓடிய ஓட்டத்தையும் பந்தை எறிந்த வேகத்தையும் பார்த்து நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

ஆனால் நான் பார்க்க வந்தது ஐந்தே முக்காலுக்குத்தான் தொடங்கியது. எல்லாரும் பந்தைக் கீழே வைத்துவிட்டுக் கம்பத்தைச் சுற்றி நின்றார்கள். ஓரத்தில் ஒரு கேத்தில் நிறையத் தேத்தண்ணி. பக்கத்தில் சின்ன ஓலைக் குட்டான் ஒன்றில் பனங்கட்டி. தேவி எனக்கு விதியைச் சொன்னாள். நாள் முடிவில் ஒருத்தி மட்டும் ஒரே ஒரு பந்து எறிய வேண்டும். விழுந்தால் எல்லாருக்கும் தேத்தண்ணியோடு கடிக்கப் பனங்கட்டி. விழாவிட்டால் எல்லாருக்கும் வெறும் கசப்புத் தேத்தண்ணி. தவறவிட்டவள்தான் ஒவ்வொருவருக்கும் ஊற்றிக் கொடுக்க வேண்டும், அதுவும் முகத்தைப் பார்த்து.

அன்றைக்கு முறை சுகந்திக்கு. முப்பது வயதிருக்கும், அணியில் கோல் எறிகிறவள். அவள் பந்தைத் தலைக்கு மேலே தூக்கியதுதான் தாமதம், நாலு பக்கத்தாலும் அவள் கவனத்தைக் கலைக்கத் தொடங்கினார்கள்.

"சுகந்தி, அடுப்ப அணைச்சுப்போட்டோ வந்தனீ?"

"ஐயோ, உன்ர மாடு வயலுக்குள்ள இறங்கிட்டுது!"

"எனக்கு நாக்கு வறண்டு போச்சு, கெதியா எறியடி!"

சுகந்தி சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. ஒரு மூச்சு விட்டாள், எறிந்தாள். வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது. பனங்கட்டி அருமையாக இருந்தது.

அடுத்த நாள் சனிக்கிழமை. அந்த ஒரு பந்தை எனக்குத் தந்துவிட்டார்கள். யாரோ ஒரு பால்மாத் தகரப் பேணியைக் குழி போலத் தரையோடு தரையாகப் புதைத்துவிட்டு, சரியாக மூன்றடி அளந்து கோடும் கீறிவிட்டார்கள். கோல்ஃப் மைதானத்தில் பார்ப்பவர்கள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நிற்பார்கள். இங்கே பதினொரு பேரும் என் காதுக்குள் நின்று கத்தினார்கள். ஒன்றேகால் மணிநேரம் வெயிலில் ஓடிக் களைத்தவர்கள், அவர்களின் இனிப்பு என் கையில். தட்டினேன். பந்து பேணியின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு அப்பால் போனது.

பேசாமல் ஓட்டோ பிடித்துக் கிளிநொச்சிக்குப் போய்விடலாமா என்றிருந்தது. ஆனால் கேத்தில் என் கைக்கு வந்துவிட்டது. முதல் இரண்டு பேரை நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை. மூன்றாவதாக நின்ற பெண், "அக்கா, முகத்தைப் பார்த்து ஊத்துங்கோ, இல்லாட்டி கையில சுடும்" என்றாள். பார்த்தேன். களைப்பு இருந்தது, கோபம் இல்லை. பதினொரு முகமும் அப்படித்தான். கசப்புத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நாளைய வேலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள்.

சுகந்தி பக்கத்தில் வந்து இருந்தாள். "நேற்று எப்படி அவ்வளவு நிதானமாக எறிந்தீர்கள்?" என்று கேட்டேன்.

"நிதானமோ? நெஞ்சு இடிச்சது எனக்கெல்லோ தெரியும். முதல் மாசம் முழுக்க என்ர முறை வந்தபோதெல்லாம் நான் தவறவிட்டுத் தவறவிட்டு இவைக்குக் கசப்புத் தேத்தண்ணிதான் குடுத்தனான். ஒரு நாள் அழுதும் இருக்கிறன். அடுத்த நாள் வந்தா, அதே ஆக்கள் அதே இடத்தில நிக்கினம். அதுக்குப் பிறகு விழாட்டி என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும். தேத்தண்ணி கசக்கும். அவ்வளவுதான்."

நான் இத்தனை வருடமும் பந்தை விழுத்தத்தான் பழகினேன். இந்தப் பெண்களோ, விழாத பந்துக்குப் பிறகு நிமிர்ந்து நிற்கவும் பழகுகிறார்கள். இதற்குப் புத்தகமும் இல்லை, சம்பளம் வாங்கும் பயிற்சியாளரும் இல்லை. அவர்களாகவே கண்டுபிடித்தது. எனக்கு அவர்கள்மேல் வந்த மரியாதையைச் சொல்லி முடியாது.

ஞாயிற்றுக்கிழமையும் எனக்கே தந்தார்கள். அன்றைக்கு விழுந்தது. பேணியைக் கிண்டி எடுத்துக் கையில் தந்து அனுப்பினார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்றும் புழுதியும் கடுமை. தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் போகாதீர்கள். அக்கராயனில் விடுதி தேடி அலையாமல் கிளிநொச்சியில் அறை எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வர ஓட்டோவை முதலே பேசி வையுங்கள். இந்த மாதிரிப் பயிற்சியைப் பார்க்க விரும்பினால் ஊரில் யாரையாவது கொண்டு அணியிடம் கேட்டுவிட்டுப் போங்கள், படம் எடுக்க முதலும் கேளுங்கள். எந்த விளையாட்டுக்காரராக இருந்தாலும் ஒரு நாள் அந்தக் கேத்திலைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

போட்டி என்ன ஆனது என்று கேட்பீர்கள். மூன்று வாரம் கழித்து நடந்தது. நாலாவது குழியிலேயே கிட்டக் கிடந்த பந்தைத் தவறவிட்டேன். மாலினியின் முகத்தைப் பார்த்து, "விட்டிட்டன்" என்றேன். "கண்டனான், நட" என்றாள். நடந்தேன். அதற்குப் பிறகும் தவறியது. கடைசிக் குழியில் நாலடி. கை நடுங்கியது. நடுங்கட்டும் என்று அடித்தேன். விழுந்தது. இரண்டாம் இடம் வந்தோம், தடிகள் வீட்டில்தான் இருக்கின்றன.

மாலை ஆறு மணிபோல தேவிக்கு அழைத்துச் சொன்னேன். அவள் மைதானத்தில்தான் நின்றாள், போனைச் சத்தமாகப் போட்டிருந்தாள். பின்னாலிருந்து சுகந்தியின் குரல் கேட்டது.

"ரீச்சர், கடைசிப் பந்தை விடுங்கோ. அதுக்கு முதல் எத்தினை தவறவிட்டவா எண்டு கேளுங்கோ!"

"மூண்டு" என்றேன்.

அந்தப் பக்கம் எல்லாரும் கைதட்டினார்கள்.